நடவடிக்கைக் குறிப்பில் சேராதவை

அக்டோபர், இரண்டாம் சனி, காலை பத்து.
வெர்மான்ட் மலைச்சரிவில் பழைய கல்லறைத் தோட்டம்.
வந்தவர்கள் பதினொருவர்.
ஊன்றுகோல் மூன்று, சக்கர நாற்காலி ஒன்று,
கொடி ஒன்று, அதை நிமிர்த்திப் பிடிக்கத் தெம்புள்ளவர் இருவர்.
இதுவரை செயலாளர் என்ற முறையில் எழுதிவிட்டேன்.

எழுதாதது:
தலைவி அர்டெல் வைபோர்னின் மூதாதை
புரட்சி முழுக்க படைக்குப் பின்னால் மாடு ஓட்டியவன்.
லியோனா டிரஸ்காட்டின் ஆள்
ஒரு வண்டியைக் கடன் கொடுத்தான்,
அது அச்சு முறிந்து திரும்பி வந்தது.
என்னுடையவன் பாலத்தருகே பதினோரு நாள் காவல் நின்றான்,
பன்னிரண்டாம் நாள் அம்மை கண்டு வீடு வந்தான்.
அந்தப் பதினோரு நாளைத்தான்
நீல நாடாவில் கோத்து நெஞ்சில் குத்தியிருக்கிறேன்.
சிரிக்கலாம்.
தேவாலயத்தின் அடித்தளத்தில், காபி ஆறும் நேரத்தில்,
நாங்களும் சிரிப்பதுண்டு.

இன்றைய மரியாதை ஓசயாஸ் ஃபென்டனுக்கு. சிப்பாய்.
கல்லில் அவன் பெயர் பாதி, பாசி பாதி.
பக்கத்தில் மனைவிக்குக் கல் இல்லை.
புல் மட்டும் சற்றே தாழ்ந்து கிடக்கிறது,
ஆள் எழுந்துபோன மெத்தை மாதிரி.
அவள் பெயர் சப்மிட்.
அடங்கியிரு என்று பொருள்.
பெண் குழந்தைக்கு அப்படியும் பெயர் வைத்த காலம்.

விதவை ஓய்வூதியம் கேட்டு நான்கு முறை மனுப் போட்டவள்.
கடைசி முறை வயது எண்பத்து மூன்று.
எங்கள் கிளையில் அந்தக் கோப்பைப் படித்தவள்
நான் ஒருத்திதான்.
திருமணம் நடந்ததற்கு ஆதாரம்? என்றது நீதிமன்றம்.
போதகரின் பதிவேடு எப்போதோ தீயில் போயிருந்தது.
வீட்டு வேதப்புத்தகத்தைத் திறந்து
குடும்பப் பக்கத்தைக் கிழித்து அனுப்பினாள்.
எட்டுப் பிள்ளைகளின் பெயரும் அதோடு போயிற்று,
தங்காத மூன்றும் சேர்த்து.
சரி, அவன் போருக்குப் போனதற்கு?
எழுத்தர் வார்த்தை மாறாமல் எழுதிவைத்திருக்கிறார்:
"அந்த இரண்டு கோடையும்
இந்த மலையில் புல் அறுத்து, காயவைத்து,
போர் போட்டது யார் என்று
அக்கம்பக்கத்தில் கேளுங்கள்."
கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.
ஓரத்தில் வேறொரு மையில்: போதாது.

கிழித்த பக்கம் திரும்பி வரவில்லை.

எங்கள் படிவத்தில் அவளுக்கென்று ஒரு கட்டம் உண்டு,
'துணைவி' என்று.
அதற்கு நேரே சேவை என்று எதுவும் கேட்பதில்லை.

வெண்கலக் குறியை நட வந்தவள் டெலோரா ஃபென்டன்.
அங்காடியில் இறைச்சி வெட்டுகிறாள்,
மதியப் பணிக்கு முன் ஒரு மணி நேரம் கேட்டு வந்திருந்தாள்.
சுத்தியல் அவளுடையதே.
ஓசயாஸின் தலைமாட்டில் முளையை வைத்து ஓங்கினாள்.
டங் என்றது பாறை.
ஒரு கை தள்ளி வைத்தாள். டங்.
கொடி பிடித்திருந்தவர்களின் கை நடுங்கத் தொடங்கிற்று.
மேப்பிள் சருகு ஒன்று அர்டெலின் தொப்பியில் உட்கார்ந்தது,
சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.
டெலோரா இன்னும் இரண்டடி நகர்ந்து
அந்தத் தாழ்ந்த புல்லில் முழங்காலிட்டாள்.
"இங்கே மண்ணு நல்லா இளகி இருக்கு" என்றாள்.
மூன்றே அடி. கழுத்துவரை இறங்கிவிட்டது.

விதி ஆறு: குறி, வீரனின் தலைமாட்டில் மட்டுமே.
அர்டெல் என்னைப் பார்த்தாள்.
விதிப்புத்தகம் என் கைப்பையில்தான் இருந்தது.
எனக்கு அப்போதுதான்
இடக்கை உறையின் பொத்தானைப் போடவேண்டியிருந்தது,
அது சின்னப் பொத்தான்,
குளிரில் விரல் வேறு மரத்திருந்தது.

குறிப்பு இப்படி முடிகிறது:
வெண்கலக் குறி நடப்பட்டது.
பத்து ஐம்பத்திரண்டுக்கு விழா நிறைவுற்றது.
எலுமிச்சை கேக், லியோனா.
திருத்தம் எதுவும் கோரப்படவில்லை.